விமானக் கட்சியில் இனி நான் மட்டும்

நானா,

இன்று காலை லிட்டில் இந்தியாவில் ஒரு ஹோட்டல் வாசலிலிருந்து ஏர்போர்ட்டுக்கு ஒரு சவாரி கிடைத்தது. சென்னையிலிருந்து ஊர் பார்க்க வந்த புது ஜோடி. டாக்சியின் பின்கதவைத் தூக்கி அவர்களுடைய பெட்டியை எடுத்து வைக்கப் போனேன். முதல் நாள் இங்கேதான் வாங்கியிருக்கிறார்கள். கைப்பிடியில் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. குனிந்ததும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. புது ரெக்சின், பசை, உள்ளே போட்டிருக்கும் அந்துருண்டை, எல்லாம் கலந்து வெயிலில் கொஞ்சம் சூடேறிய வாசனை. உங்கள் கடையின் வாசனை. பெட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

"அங்கிள், ஓகேயா?" என்று அந்தப் பெண் கேட்டது.

"ஓகே லா, எனக்கென்ன" என்று சொல்லிவிட்டு, அந்த நாற்பது கிலோ பெட்டியை ஒரே கையால் தூக்கி உள்ளே வைத்தேன்.

சரி, சரி. இருபது கிலோ. இரண்டு கையால். அந்தப் பையனும் ஒரு பக்கம் பிடித்தான். உங்களுக்கு எழுதுவதால் நானே கழித்துச் சொல்கிறேன். வேறு யாருக்காவது எழுதினால் நாற்பதிலேயே விட்டிருப்பேன், அவர்களும் பேசாமல் படித்திருப்பார்கள். அதுதான் நானா, என் அண்ணனே, இப்போது என் கஷ்டம். நான் எதைச் சொன்னாலும் "பாதியக் கழி" என்று உடனே சொல்ல இந்தப் பினாங்கில் ஒரு ஆள் இல்லை. சொன்னது சொன்னபடியே நின்றுவிடுகிறது. பொய் சொல்வதில் இருந்த ருசியே போய்விட்டது.

நீங்கள் பயணப்பெட்டி விற்றவர். நான் டாக்சி ஓட்டுகிறவன். நீங்கள் விற்ற பெட்டியை நான் ஏர்போர்ட்டில் கொண்டுபோய் இறக்குவேன். ஊரையெல்லாம் ஆகாயத்தில் ஏற்றி அனுப்பிவிட்டு, நாம் இரண்டு பேரும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை ரொட்டிக் கடையில் உட்கார்ந்து, நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், தே தாரிக் குடிப்போம். முப்பது வருஷம் இதுதான் நம் பிழைப்பு. அந்த முப்பது வருஷமும் நாம் பேசியது ஒரே ஒரு பேச்சு. பிளேன் செய்கிறவர்களில் யார் பெரியவன், அமெரிக்காக்காரனா, ஐரோப்பாக்காரனா? உலகத்தில் பெரிய பிளேன் செய்கிற கம்பெனி என்று எடுத்தால் இந்த இரண்டும்தானே. நான் அமெரிக்காக்காரன் கட்சி. நீங்கள் ஐரோப்பாக்காரன் கட்சி. மனிதர்கள் பந்தாட்டத்துக்குக் கட்சி பிரிவார்கள், தேர்தலுக்குப் பிரிவார்கள். இதற்குப் பிரிந்தவர்கள் நாம் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

எப்படி ஆரம்பித்தது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு அம்மா சக்கரம் உடைந்த பெட்டியைக் கடைக்கு இழுத்துக்கொண்டு வந்து உங்களோடு சண்டை போட்டது. நீங்கள் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டீர்கள்: "எந்தப் பிளேன்லம்மா போனீங்க?"

"எனக்கெப்படித் தெரியும்? றெக்கை இருந்துச்சு, பறந்துச்சு."

"இன்ஜின் அடிப்பக்கம் கொஞ்சம் சப்பையா இருந்துச்சா?"

"இருந்துச்சுன்னுதான் வைங்களேன்! சக்கரம் மாத்தித் தருவீங்களா மாட்டீங்களா?"

மாற்றிக் கொடுத்தீர்கள். அந்த அம்மா போனதும் என்னிடம் திரும்பி, பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொன்னீர்கள்: "பாத்தியா தம்பி, அமெரிக்காக்காரன் பிளேன்ல போற பெட்டிக்குத்தான் சக்கரம் ஒடையுது. ஐரோப்பாக்காரன்ல போனது அப்படியே திரும்பி வருது." அன்றிலிருந்து சக்கரம் உடைந்து வந்த ஒவ்வொருவரிடமும் அந்தக் கேள்விதான். நான் மட்டும் சளைத்தவனா? என் கணக்கு மனித முகம். அமெரிக்காக்காரன் பிளேனில் வந்து இறங்குகிறவன் சிரித்த முகமாக என் டாக்சியில் ஏறுவான், மற்றவன் முகம் வாடி இருக்கும். இதை வைத்து நான் உங்களை மடக்குவேன். ஒரு நாள் பக்கத்து மேசையில் ஏர்போர்ட்டில் பெட்டி ஏற்றி இறக்குகிற ஆள் ஒருவர் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். "ரெண்டு பிளேன்லயும் பெட்டியத் தூக்கிப் போடுறது நான்தாண்ணே" என்றார். நாம் இரண்டு பேரும் ஒரே குரலில் "நீங்க சும்மா இருங்க, உங்களுக்கு பிளேனைப் பத்தி என்ன தெரியும்" என்று அவர் வாயை அடைத்தோம். நாம் ஒரே கட்சியாக நின்றது அந்த ஒரு தடவைதான்.

நான் பள்ளிக்கூடத்தில் அரைகுறை. ஆனால் விமான சாஸ்திரத்தில் எனக்கு வாத்தியார்கள் யார் தெரியுமா? பைலட்டுகள். எத்தனை பைலட்டை ஹோட்டலுக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். "ஒரு கேப்டன் என்னைக் கூட்டிட்டுப் போய் காக்பிட்ல உக்கார வெச்சாரு நானா, ஸ்டியரிங்கையே பிடிக்கச் சொன்னாரு" என்று நான் சொன்னதும், நீங்கள் தேயை ஆற்றியபடியே, "பாதியக் கழி. அவர்தான் உன் வண்டி முன்சீட்டுல உக்காந்திருப்பாரு" என்றீர்கள். எப்படித்தான் கண்டுபிடிப்பீர்களோ.

ஆனால் அந்த ஸ்டியரிங் விஷயம் பொய் இல்லை. அமெரிக்காக்காரன் பிளேனில் பைலட்டுக்கு முன்னால் இரண்டு கையாலும் பிடிக்கிற ஸ்டியரிங் இருக்கிறது. ஐரோப்பாக்காரன் பக்கவாட்டில் ஒரு சின்னக் குச்சியை வைத்திருக்கிறான், பிள்ளைகள் கேம் விளையாடுவது மாதிரி. "இதைப் பிடிச்சு ஓட்டுறது ஒரு ஓட்டா?" என்று நான் கேட்டால், "ஸ்டியரிங் பிடிச்சுத்தான் நீ போன மாசம் வண்டியை லோங்காங்ல விட்டே" என்பீர்கள். அந்தச் சாக்கடையிலிருந்து வண்டியை இழுத்ததே உங்கள் கடைப் பையன்கள்தான்.

"என் ஆளு பிளேன்ல, மனுசன் எல்லை மீறிப் போனா மிசின் பிடிச்சு நிறுத்தும் தம்பி."

"என் ஆளு பிளேன்ல கடைசிப் பேச்சு மனுசனோடதுதான் நானா. அதான் மரியாதை."

"உன்னை மாதிரி ஆளு கடைசிப் பேச்சு பேசினா அந்தப் பிளேன் எங்க போய் எறங்கும்?"

கடையே சிரிக்கும். தே ஆற்றுகிற பாய் கையிலிருந்து குவளையே நழுவியது ஒரு நாள். நழுவவில்லை, கொஞ்சம் சிந்தியது.

நானும் விட்டதில்லை. உங்கள் கட்சிப் பிளேனுக்கு றெக்கை ஒரு நாட்டில், உடம்பு ஒரு நாட்டில், வால் ஒரு நாட்டில் செய்து எல்லாவற்றையும் ஓர் இடத்தில் ஒட்டுகிறார்கள் என்று பைலட் ஒருவர் சொன்ன அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. விடிந்ததும் ஓடி வந்து, "உங்க பிளேன் பிளேனே இல்ல நானா, நாசி கண்டார்! எல்லாக் கொழம்பையும் ஒண்ணா ஊத்திப் பிசைஞ்சு வெச்சிருக்கான்" என்றேன். நீங்கள் கொஞ்சமும் அசரவில்லை. "அதனாலதான் ருசி" என்றீர்கள். உங்கள் கட்சியின் த்ரீ ட்வெண்டி பிளேன் தரையில் நிற்கும்போது அடிவயிற்றிலிருந்து நாய் குரைக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். அதைச் சொல்லிக் கேலி செய்தால், "திருடன் ஏறினா கொரைக்கும். நீ பக்கத்துல போகாத" என்பீர்கள். என் செவன் த்ரீ செவன் மேலே ஏறும்போது வயிற்றில் இரண்டு கறுப்பு வட்டம் தெரியும். மடக்கிய சக்கரத்தை மூட அதற்குக் கதவு கிடையாது. "கதவு போடக்கூட மனசு வரல உன் ஆளுக்கு, கஞ்சப் பய" என்பீர்கள். "காத்தோட்டம் லா நானா, காத்தோட்டம்" என்று நான் சமாளிப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் மாதா கோயிலில் பூசை முடித்து வந்ததும் உங்களை ஏற்றிக்கொண்டு ஏர்போர்ட் இருக்கிற பாயான் லெப்பாஸுக்குப் போவேன். ஓடுபாதை முடிந்து கடல் தொடங்குகிற பக்கம் வண்டியை நிறுத்தி, முன்பக்கத்தில் சாய்ந்துகொண்டு நிற்போம். தூரத்தில் ஒரு புள்ளி தெரியும்போதே எந்தக் கட்சி என்று சொல்ல வேண்டும். தோற்றவன் அன்று சீனி போடாத தே குடிக்க வேண்டும். உங்களுக்கோ சீனி வியாதி. தோற்றாலும் உங்களுக்கு நஷ்டம் இல்லை, நான் மட்டும்தான் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பேன். இந்த அநியாயத்தைக் கவனிக்க எனக்குப் பல வருஷம் பிடித்தது.

நமக்குள் ஒரு சட்டம் இருந்தது. நீங்கள் போட்டது. உலகத்தில் எங்கேயாவது ஒரு பிளேன் விழுந்தால், அது எந்தக் கட்சியாக இருந்தாலும், அன்றைக்குக் கட்சி கிடையாது. செய்தி வந்த நாளில் நான் ஒரு தடவை வாயைத் திறக்கப் போனேன். "செத்தவங்களை வெச்சுப் பேசாத" என்று ஒரே வார்த்தையில் நிறுத்தினீர்கள். இரண்டு பேரும் தேயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனோம். நான் எவ்வளவோ அளப்பவன். அதில் மட்டும் ஒரு நாளும் கை வைத்ததில்லை.

என் வீட்டுக்காரி போனபோது நீங்கள் கோயிலுக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். அடக்கம் முடிந்து நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மகள் சாப்பிடச் சொன்னால் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தீர்கள். அப்புறம் ஒரு காலை வந்து, வாசலில் நின்றபடியே உரக்கச் சொன்னீர்கள்: "அமெரிக்காக்காரன் இன்ஜின் பாத்தேன் தம்பி. பல்வலிக்காரன் கன்னம் மாதிரி இருக்கு." எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. கதவைத் திறந்துகொண்டு வந்து, அந்த இன்ஜின் ஏன் அப்படி இருக்கிறது, தரைக்குப் பக்கத்தில் தொங்குவதால் அடிப்பக்கம் சப்பையாகச் செய்தார்கள் என்று அரை மணி நேரம் கத்தினேன். நீங்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, சட்டையப் போடு, ரொட்டி சாப்பிட்டுப் பேசலாம்" என்றீர்கள். அன்றைக்கு நான் வீட்டை விட்டு வெளியே வந்தேன்.

இப்போது நீங்கள் போய்விட்டீர்கள். என் வாசலில் வந்து நின்று யார் நானா என் இன்ஜினைத் திட்டுவார்கள்?

கடைசி வருஷங்களில் உலகமே நம்மைக் கேலி செய்தது. என் பெருமை எல்லாம் ஜம்போ, நெற்றி புடைத்த அந்த செவன் ஃபோர் செவன். உங்கள் பெருமை இரண்டு மாடி த்ரீ எய்ட்டி. இரண்டில் எது நிலைக்கும் என்று நாம் எத்தனை தே குடித்திருப்போம். கடைசியில் இரண்டு கம்பெனியும் இரண்டையும் செய்வதை நிறுத்திவிட்டார்கள். நாலு இன்ஜினுக்கு எண்ணெய் ஊற்றிக் கட்டுப்படியாகவில்லையாம். இரண்டு இன்ஜின் போதுமாம். அந்தச் செய்தியை நான் சொன்னபோது நீங்கள் தேக் குவளையைக் கீழே வைத்தீர்கள். அப்புறம், "நாம ரெண்டு பேரும் தோத்த ஆனைக்கு சண்டை போட்டிருக்கோம் தம்பி" என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். நான்தான் சிரிக்கவில்லை.

ஹஜ்ஜுக்குப் பதிந்துவிட்டு நீங்கள் வருஷக்கணக்காகக் காத்திருந்தீர்கள். வரிசை அவ்வளவு நீளம். உங்களுக்கும், நான் அக்கா என்று கூப்பிடுகிற உங்கள் வீட்டம்மாவுக்கும் சேர்ந்து முறை வந்த அன்று, நீங்கள் கடைக்கு வெளியே வந்து நின்று வானத்தைப் பார்த்தீர்கள், பிளேன் ஒன்றும் இல்லாத வெறும் வானத்தை. போவதற்கு முன்னால் தெரிந்தவர்கள் எல்லாரிடமும் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்பது உங்கள் ஆட்களின் வழக்கம். நீங்கள் நகைக்கடை, துணிக்கடை, பூக்கட்டுகிறவர், பக்கத்துக் கடைச் சீனர் என்று ஒருவரையும் விடவில்லை. கடைசியாக என்னிடம் வந்தீர்கள். ரொட்டிக் கடை, நம் மேசை.

"என்ன நானா, எந்தப் பிளேன்னு தெரிஞ்சுச்சா? எந்தக் கட்சி?"

"அதப் பேச வரல. இத்தன வருசத்துல மனசு நோகிற மாதிரி ஏதாச்சும் பேசியிருந்தேன்னா பொறுத்துக்க தம்பி. மன்னிச்சேன்னு வாயால சொல்லு."

"என்னைப் பொய்யன்னு சொன்னதுக்கா?"

"அது உண்மைதானே, அதுக்கு எதுக்கு மன்னிப்பு?"

"என் பிளேனுக்குக் கதவு இல்லன்னு சொன்னதுக்கு?"

"அதுக்குக் கேக்குறேன்."

"மன்னிச்சேன் போங்க. சக்கரம் ஒடைஞ்சதுக்கும் சேத்து மன்னிச்சேன்."

நீங்கள் தலையாட்டினீர்கள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்: "உன் ஆளுதான் நல்லா செய்றான். நான் வீம்புக்குப் பேசிக்கிட்டு இருந்தேன். நீ ஜெயிச்சே."

எத்தனை வருஷம் இந்த வார்த்தைக்குக் காத்திருந்தேன். எழுந்து மேசையில் ஏறி ஆடியிருக்க வேண்டும். ஆனால் எனக்குப் பயம்தான் வந்தது நானா. ஒரு விஷயத்திலும் விட்டுக்கொடுக்காத மனிதர், ரொட்டி ஆறுவதற்குள் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தால் அதற்கு என்ன அர்த்தம்? கடையைக் காலி செய்கிறவர் மாதிரி இருந்தது உங்கள் முகம்.

"வாபஸ் வாங்குங்க."

"முடியாது தம்பி. ஹஜ்ஜுல தர்க்கம் கூடாது. அதை இங்கேயே எறக்கி வெச்சிட்டுத்தான் போகணும்."

"என் மேசையில எறக்கி வெச்சா நான் தனியா என்ன பண்றது?"

சிரித்தீர்கள். திரும்பி வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்வீர்கள் என்று உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. பாய் கொண்டுவந்து வைத்த தேயை மட்டும் குடித்துவிட்டுப் போனீர்கள். எனக்கு ஜெயிப்பு வேண்டாம், இந்த ஆள் திரும்பி வந்து என்னோடு சண்டை போட்டால் போதும் என்று அன்று ராத்திரி ஜெபம் செய்தேன். என் வாழ்க்கையில் கூட்டாமல் குறைக்காமல் கேட்ட ஜெபம் அது ஒன்றுதான்.

நீங்கள் போகிற நாளில் ஹாஜிகள் கூடுகிற இடத்தில் ஊரே திரண்டிருந்தது. கட்டிப் பிடிக்கிறவர்களும் அழுகிறவர்களும் தங்களுக்காகத் துஆ செய்யக் கேட்கிறவர்களும் அடைத்துக்கொண்டு நின்றதில் எனக்கு உங்கள் தொப்பிதான் தெரிந்தது. நான் வண்டியை எடுத்துக்கொண்டு நம் கடலோரத்துக்குப் போய்விட்டேன். ரொம்ப நேரம் கழித்து அந்தப் பிளேன் எழும்பியது. பார்த்ததும் தெரிந்துவிட்டது, த்ரீ தேர்ட்டி. சக்கரக் கூட்டம் பின்பக்கம் தாழ்ந்து தொங்கியது. உங்கள் கட்சிப் பிளேன். "நானா! உங்க ஆளுதான்! கடைசியில நீங்கதான் ஜெயிச்சீங்க!" என்று நான் கத்தியதில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் தூண்டிலைப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். திரும்பவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன்.

ஹஜ்ஜுக் கடமை எல்லாம் முடிந்த மறுநாள், விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்று தே ஆற்றுகிற பாய்தான் சொன்னார். அங்கேயே அடக்கமாம். எல்லாருக்கும் கிடைக்காத பாக்கியம் என்று கடையில் எல்லாரும் சொன்னார்கள். இருக்கட்டும், உங்களுக்குப் பாக்கியம்தான். எனக்கு? ஒரு பிடி மண் போடக் கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளுக்கு என் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் மெழுகுவர்த்தி வைத்தேன். உங்களுக்கு எங்கே கொண்டுபோய் வைப்பேன்? பினாங்கில் உங்களுக்கென்று ஒரு சாண் இடம் இல்லை. கடையும் கைமாறி இப்போது அங்கே காப்பி விற்கிறார்கள், விலையைப் பார்த்தால் நீங்கள் அதிலும் பாதியைக் கழிக்கச் சொல்வீர்கள்.

அக்கா திரும்பி வந்த அன்று நான் ஏர்போர்ட்டுக்குப் போயிருந்தேன். உங்கள் மகன் பிள்ளைகளையும் சாமான்களையும் தன் காரில் ஏற்றிக்கொண்டான். அக்கா, "நான் இவரு டாக்சியில வர்றேன்" என்று என் வண்டியில் ஏறினார். கடலுக்கு அந்தப் பக்கம் செபராங் ஜெயாவில் மகன் வீட்டுக்குப் போக வேண்டும். கடல் பாலத்தில் வண்டி ஏறியது. நான் பேசாமல் வண்டி ஓட்டியதை நீங்கள் பார்த்ததே இல்லை.

"போறப்ப வாயே தொறக்கல தம்பி" என்று அக்காதான் ஆரம்பித்தார். "ஜன்னல் பக்கம் ரெண்டே ரெண்டு சீட்டு, எங்க ரெண்டு பேருக்கும். சுத்தி சுத்திப் பாத்துக்கிட்டே வந்தாரு. என்ன பாக்குறீங்கன்னு கேட்டா, இப்ப பேசக் கூடாதுன்னுட்டாரு."

நான் கண்ணாடியில் அவரைப் பார்த்தேன்.

"அங்க எல்லாம் முடிஞ்சு, முடி எறக்கிக் குளிச்சிட்டு வந்து உக்காந்தாரு. முகமெல்லாம் சிரிப்பு. 'முடிஞ்சிருச்சு, இனிமே பேசலாம்'னாரு. 'டாக்சிக்காரன்கிட்ட ஒண்ணு சொல்லணும், பிளேன்ல வர்றப்பவே பாத்து வெச்சிருக்கேன். இதுக்கு அவனால பதிலே சொல்ல முடியாது'ன்னாரு."

"என்னக்கா அது?"

"நானும் கேட்டேன். 'உனக்குப் புரியாது, அவன் மூஞ்சியப் பாத்துத்தான் சொல்லணும்'னாரு. மறுநா காலையில..."

அக்கா முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு வண்டியை நிறுத்த வேண்டும் போல் இருந்தது. பாலத்தில் எங்கே நிறுத்துவது? இரண்டு பக்கமும் கடல், பின்னால் லாரி. கையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதேன் நானா. இதைக் கழிக்காதீர்கள்.

ஆக, நீங்கள் தோற்றுப் போகவில்லை. வாபஸ் வாங்கிவிட்டீர்கள். என் ஜெபத்தில் பாதி பலித்துவிட்டது, என்னோடு சண்டை போடத்தான் கிளம்பியிருக்கிறீர்கள். மற்றப் பாதி பலிக்கவில்லை, வந்து சேரவில்லை. அந்த ஒரு வார்த்தை எங்கே போயிற்று? அதைக் கேட்காமல் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

கேட்டால் நம்ப மாட்டீர்கள், போன மாதம் உங்கள் கட்சிப் பிளேனில் ஏறினேன். செத்தாலும் ஏற மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தவன்தான். கோலாலம்பூர் வரைக்கும் போய், இறங்கி, அடுத்த பிளேனில் திரும்பினேன். அது த்ரீ ட்வெண்டி, நீங்கள் போனதற்குச் சின்னத் தம்பி. ஆனாலும் அதே கம்பெனி கை வேலைதானே. தரையில் நிற்கும்போது அந்த நாய்ச் சத்தம் கேட்டது. சீட்டைத் தடவினேன், மேலே பெட்டி வைக்கிற இடத்தைத் திறந்து மூடினேன், ஜன்னல் விளிம்பை எல்லாம் பார்த்தேன். பணிப்பெண் வந்து, "அங்கிள், ஏதாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டது.

"என் கூட்டாளி ஒண்ணு பாத்து வெச்சிருக்காரும்மா. அதத் தேடுறேன்."

"எந்த சீட்டுல இருக்காரு?"

"முன்னாடி போயிட்டாரு" என்றேன். அந்தப் பிள்ளை முன்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

சீட்டு கொஞ்சம் அகலம் என்று சொல்ல வந்தீர்களா? அதற்குப் பதில் வைத்திருக்கிறேன்: அகலம் சோம்பேறிக்கு. சத்தம் குறைவு என்றா? காது நல்லா இருக்கிறவன் சத்தத்துக்குப் பயப்பட மாட்டான். றெக்கை வளைகிற அழகா? என் ஆளு ட்ரீம்லைனர் றெக்கையைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள், வில் மாதிரி வளையும். பெட்டிச் சக்கரமா? உங்கள் பெட்டி சக்கரம் உடையாமல்தான் வந்தது, அக்கா வீட்டுப் படியில் நானே இறக்கி வைத்தேன், அதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஒரு பெட்டியை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. இப்படி வண்டி ஓட்டும்போது ஒவ்வொன்றாக எடுத்து, நீங்கள் சொல்வதாக வைத்துக்கொண்டு, பதில் சொல்லிப் பார்க்கிறேன். எல்லாவற்றுக்கும் பதில் வந்துவிடுகிறது. வந்துவிடுவதாலேயே அது இல்லை என்று தெரிந்துவிடுகிறது. என்னால் பதில் சொல்லவே முடியாதது என்றல்லவா சொன்னீர்கள்.

ரொட்டிக் கடையில் புதிதாக வருகிற இளவட்டங்களிடம் இதைப் பேசிப் பார்த்தேன். அமெரிக்காக்காரனா ஐரோப்பாக்காரனா என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான் அங்கிள், எது மலிவோ அதுல ஏற வேண்டியதுதான்" என்றார்கள். சண்டைக்குக்கூட வரவில்லை. உங்களுக்காக உங்கள் கட்சியையும் நானே பேசினேன். நன்றாக வரவில்லை. முப்பது வருஷம் உங்கள் பேச்சைக் கேட்டவன் என்று பேர், எதிர்த்துப் பேசுவதற்கு வேண்டியதை மட்டும்தான் காதில் வாங்கியிருக்கிறேன் போல.

ஒன்றே ஒன்று பாக்கி இருக்கிறது நானா. அதை எழுத வேண்டாம் என்றுதான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன். என் ஆளு பெரிய பிளேனில் ஜன்னல் பக்கம் மூன்று மூன்று சீட்டாகப் போடுவார்கள். புருசன் பெண்டாட்டி ஏறினால் மூன்றாவதாக ஒரு அந்நியன் வந்து உட்காருவான். உங்கள் த்ரீ தேர்ட்டியில் ஜன்னல் பக்கம் இரண்டே சீட்டு. வயதான இரண்டு பேர் கடலும் பாலைவனமும் தாண்டி, வேறு ஒருத்தரும் இடையில் இல்லாமல், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போகலாம். அதை அக்காவிடம் சொல்ல உங்களுக்கு வெட்கமாக இருந்திருக்கும். என்னிடம்தான் சொல்லியிருப்பீர்கள்.

அதுதான் என்றால் என்னிடம் பதில் இல்லை. எனக்குப் பக்கத்தில் உட்கார ஆள் போய் எத்தனையோ வருஷமாகிறது, எந்தக் கம்பெனி எத்தனை சீட்டு போட்டால் எனக்கு என்ன? அதுதான் என்றால் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள், பேச்சு முடிந்துவிட்டது, எழுந்து போக வேண்டியதுதான். அதனால் அது இல்லை என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன். வேறு ஏதோ ஒன்று, நான் இன்னும் பார்க்காத ஒன்று, அந்தப் பிளேனில் இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறேன். நாளைக் காலையும் ஏர்போர்ட்டில் சவாரிக்கு நிற்பேன். உங்கள் கட்சிப் பிளேனில் இறங்குகிறவர்கள் யாராவது என் வண்டியில் ஏறினால், உள்ளே என்ன பார்த்தீர்கள் என்று கேட்பேன். ஜன்னல் பக்கம் எத்தனை சீட்டு என்று மட்டும் கேட்க மாட்டேன்.